நிலமும் பொழுதும்: ஓட்டுநரில்லா வாகனச் சோதனை குறித்துச் சிங்கப்பூரை முன்வைத்து ஓர் ஆய்வு

1. வினா

2015-இல் சிங்கப்பூரின் ஒன்-நார்த் வட்டாரத்தில் ஓட்டுநரில்லா வாகனங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட சோதனைப் பாதையின் நீளம் 6 கிலோமீட்டர். அடுத்த ஆண்டு அது 12 ஆனது. 2017-இல் பக்கத்திலிருந்த புவன விஸ்தா, டோவர், தேசியப் பல்கலைக்கழக வளாகம், அறிவியல் பூங்கா ஆகியவற்றின் சாலைகளும் சேர்ந்து 67 ஆயிற்று. 2019 அக்டோபரில் புக்கிட் தீமா, கிளமெண்டி, ஜூரோங், தெங்கா உள்ளிட்ட தீவின் மேற்குப் பகுதி முழுவதிலும் 1,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பொதுச்சாலை சோதனைக்குத் திறந்துவிடப்பட்டது.

மனித ஓட்டுநருக்கு இப்படி யாரும் சாலையை முழம் போட்டு அளந்து கொடுப்பதில்லை. புக்கிட் பாத்தோக்கில் ஓட்டுநர் தேர்வில் தேறியவர் மறுநாளே சாங்கிக்கு வண்டியை எடுத்துச் செல்லலாம். அந்த வழியில் அவர் ஒருமுறைகூடப் போயிருக்க வேண்டியதில்லை. ஆறாவது கிலோமீட்டரில் ஒழுங்காக ஓடிய இயந்திரம் ஏழாவது கிலோமீட்டருக்கு மறுபடி அனுமதி கேட்டு நிற்பது ஏன்?

சோதனைக்குரிய பொருள் தனித்த வாகனம் அன்று, வாகனமும் இடமும் சேர்ந்த இணை என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். ஆகவே ஒரு நகரத்தில் பெற்ற தேர்ச்சியை இன்னொரு நகரத்துக்கு அப்படியே பெயர்த்துக் கொண்டுபோக முடியாது. சிங்கப்பூர் இதற்குப் பொருத்தமான சான்று. நிலம் சிறிது, விதிகள் வெளிப்படை, படிநிலைகள் பதிவானவை. சாலைகள் மட்டுமே அந்நாட்டு நிலப்பரப்பில் 12 விழுக்காட்டை எடுத்துக்கொள்கின்றன. வீடுகளுக்கு 14 விழுக்காடு. வீட்டுக்கும் ரோட்டுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு மண்ணைக் கொடுத்துவிட்ட தீவுக்கு, இருக்கும் சாலையிலேயே கூடுதலாக ஆளேற்றிப் போகும் வழி தேவைப்பட்டது. பேருந்து ஓட்ட ஆள் கிடைப்பதும் எளிதாக இல்லை. 2014-இல் அறிவிக்கப்பட்ட அறிவார்ந்த தேசத் திட்டத்தில் இவ்வாகனங்களுக்கு இடம் கிடைத்ததற்கு இந்த நெருக்கடியே பின்னணி.

2. சொற்களை வரையறுத்தல்

தானியக்கத்தைச் சுழியம் முதல் ஐந்து வரை ஆறு நிலைகளாகப் பிரிக்கும் அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் பகுப்பு 2014-இல் வெளிவந்தது. செய்தித்தாள்கள் அதை விரும்பி எடுத்தாள்கின்றன. நான்காம் நிலை வந்துவிட்டது, ஐந்தாம் நிலை வரப்போகிறது என்றெல்லாம் எழுதுகின்றன. சோதனை நடத்துபவருக்கு அந்த எண்ணால் பெரிய பயன் இல்லை. அதே ஆவணத்தில் உள்ள இன்னொரு கருத்தே அவருக்கு உயிர்நாடி. எவ்வகைச் சாலையில், எந்த வேகத்துக்குள், எந்த வானிலையில், எந்த வெளிச்சத்தில் ஒரு தானியக்க அமைப்பு இயங்குவதற்காக வடிவமைக்கப்பட்டிருக்கிறதோ, அந்தச் சூழல்களின் தொகுதி அது. இங்கே அதனை ‘இயங்கு எல்லை’ என்று குறிப்போம்.

தமிழ் இலக்கணம் படித்தவருக்கு இது புதிதாகத் தோன்றாது. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், அந்நிலத்தில் காணப்படும் உயிரும் பொருளும் கருப்பொருள் என்றும் பொருளிலக்கணம் வகுத்திருக்கிறது. இயங்கு எல்லையும் முதலில் நிலத்தையும் பொழுதையும் கேட்கிறது. பிறகு அங்கே யார் யார் நடமாடுவார்கள் என்று கேட்கிறது. உணவு விநியோகிக்கும் சைக்கிள்காரர், சக்கர நாற்காலியில் மூதாட்டி, பேருந்தைப் பிடிக்க ஓடும் பள்ளி மாணவன் எல்லாம் சாலையின் கருப்பொருள்கள். ஒப்புமையை இதற்கு மேல் நீட்டினால் முறிந்துவிடும். ஆனாலும் கீழ்வரும் பகுதிகளில் நிலம், பொழுது என்ற இரு சொற்களையும் இந்தப் பொருளிலேயே ஆள்கிறேன்.

‘இணைக்கப்பட்ட வாகனம்’ என்பது வேறு. பிற வாகனங்களோடும் போக்குவரத்து விளக்குகளோடும் வானலை வழியே செய்தி பரிமாறிக்கொள்ளும் எதுவும் இணைக்கப்பட்டதே. அதை மனிதரே ஓட்டலாம். விளம்பரங்கள் இரண்டையும் ஒன்றாகக் கட்டி விற்பதால் இங்கே பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

3. மைல்கணக்கால் நிறுவ இயலாமை

‘எங்கள் வண்டிகள் இத்தனை இலட்சம் மைல் ஓடிவிட்டன’ என்று நிறுவனங்கள் சொல்லிக்கொள்வதுண்டு. இந்த எண்ணுக்கு எவ்வளவு எடை தரலாம் என்பதை ராண்ட் ஆய்வு நிறுவனத்தின் நிதி கல்ரா, சூசன் பேடாக் இருவரும் 2016-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். அமெரிக்கச் சாலைகளில் அப்போது 10 கோடி மைலுக்கு 1.09 உயிரிழப்பு என்ற விகிதம் இருந்தது. ஒரு தானியக்க வாகனம் இதைவிட மோசமில்லை என்று 95 விழுக்காடு உறுதியோடு சொல்ல வேண்டுமானால், அது 27.5 கோடி மைல், அதாவது ஏறத்தாழ 44 கோடி கிலோமீட்டர், ஓர் உயிரிழப்பும் இல்லாமல் ஓடிக் காட்ட வேண்டும். 100 வண்டிகளை இரவு பகல் நிறுத்தாமல், ஆண்டு முழுவதும், மணிக்குச் சராசரி 25 மைல் வேகத்தில் ஓட்டினாலும் இதற்குப் பன்னிரண்டரை ஆண்டு பிடிக்கும்.

கணக்கின் உட்பொருள் எளியது. மனிதரை எவ்வளவு திட்டினாலும் சாலையில் உயிர்ச்சேதம் அரிய நிகழ்வு. அரிய நிகழ்வை எண்ணி நிறுவ மிகப் பெரிய மாதிரி வேண்டும். இடையில் மென்பொருளைத் திருத்தினால், கண்டிப்பாகப் பார்க்கும்போது, கணக்கு மறுபடி சுழியத்தில் தொடங்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டு திருத்தப்படாத மென்பொருளை யாரும் தெருவில் விடமாட்டார்கள், விடவும் கூடாது.

எந்த மைல் என்ற கேள்வியும் உண்டு. வேமோ நிறுவனம் ஆளில்லாத டாக்சிகளை 2020 அக்டோபரில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட இடம் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் பகுதி. அகலமான நேர்ச்சாலை, காய்ந்த வானம். ஃபீனிக்சில் ஓராண்டு முழுக்கப் பெய்யும் மழை சுமார் 200 மில்லிமீட்டர். சிங்கப்பூரில் டிசம்பர் மாதம் மட்டுமே பெரும்பாலும் அதைத் தாண்டிவிடும். ஆண்டுச் சராசரி 2,100 மில்லிமீட்டருக்கும் மேல். அடைமழையில், ஒளி வீசித் தொலைவை அளக்கும் லைடாரின் ஒளிக்கற்றைகள் துளிகளில் பட்டுச் சிதறுகின்றன, இல்லாத பொருள் இருப்பதாகக் காட்டுகின்றன. நனைந்த தார்ச்சாலையில் விளக்கொளி வழிந்து, வெள்ளைக்கோடுகள் கேமராவுக்குத் தெரியாமல் போகின்றன. பாலைவனத்துக் கோடி மைலை இந்தத் தெருவுக்கு எந்த வீதத்தில் மாற்றிக் கணக்கெழுதுவது?

மாற்று வழிகள் தேடப்பட்டுள்ளன. மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி லியூ குழுவினர் 2023-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, ஆபத்தில்லாத சாதாரண நொடிகளை விட்டுவிட்டு ஆபத்தான கணங்களை மட்டும் செறிவாக்கிச் செயற்கை வாகனங்களைச் சோதனை வண்டியோடு மோதவிடும் முறையை முன்வைத்தது. சோதனை ஆயிரம் மடங்கு முதல் இலட்சம் மடங்கு வரை விரைவாகும் என்பது அவர்கள் கண்ட முடிவு. முறை சிறப்பானது. ஆயினும் எந்தக் கணம் ஆபத்தானது என்பதை அது கற்பது ஏதோ ஓரிடத்துப் போக்குவரத்துத் தரவிலிருந்துதான். இடம் இங்கேயும் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடுகிறது.

4. சுவருக்குள் ஒரு நகரம்

தெருவுக்குப் போகுமுன் மூடிய களம். இவ்வகையில் முன்னோடி, மிச்சிகன் பல்கலைக்கழகம் 2015 ஜூலையில் ஆன் ஆர்பரில் திறந்த எம்சிட்டி. 32 ஏக்கரில் சந்திப்புகள், விளக்குகள், இடம் மாற்றி வைக்கக்கூடிய கட்டட முகப்புகள் என்று குடியிருப்பவர் இல்லாத ஊர். தென்கொரியா 2018-இல் ஹ்வாசோங்கில் கே-சிட்டியைக் கட்டியது. இந்தியாவில் ஐ.ஐ.டி. ஹைதராபாத்தின் திஹான் சோதனைக்களம் 2022 ஜூலையில் திறக்கப்பட்டது.

சிங்கப்பூரின் களம் செட்ரான் மையத்துக்குரியது. நிலப் போக்குவரத்து ஆணையம், ஜேடிசி கழகம் ஆகியவற்றோடு நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் சேர்ந்து 2017 நவம்பரில் ஜூரோங்கில் அதைத் திறந்தது. பரப்பு சுமார் 2 ஹெக்டேர். எம்சிட்டியோடு ஒப்பிட்டால் ஆறில் ஒரு பங்கு. அளவு சிறிதானாலும் அதில் செயற்கையாக மழை பெய்ய வைக்கலாம், சாலையில் ஓரளவு வெள்ளம் தேக்கலாம். பேருந்து நிறுத்தங்களும் பாதசாரி கடவைகளும் உள்ளூர் அளவிலேயே அமைந்துள்ளன. பனியில் ஓடுமா என்று மிச்சிகன்காரர் கேட்பார்; இங்கே கேட்க வேண்டியது தேங்கிய நீரில் ஓடுமா என்பது. களத்தைக் கட்டியவர்கள் தங்கள் நிலத்தையும் பொழுதையும் படியெடுத்திருக்கிறார்கள்.

பொதுச்சாலையில் சோதனை நடத்த விரும்பும் வாகனம் இங்கே முதல் மைல்கல் மதிப்பீட்டில் தேற வேண்டும். அடிப்படை ஓட்டம், தடை கண்டால் நிற்றல், உள்ளே இருக்கும் பாதுகாப்பு ஓட்டுநர் எந்த நொடியிலும் கட்டுப்பாட்டைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ளும் வசதி ஆகியவை சரிபார்க்கப்படும். தேறிய பிறகும் பாதுகாப்பு ஓட்டுநரோடுதான் தெருவுக்கு வரலாம். அவர் இல்லாமல் ஓட்டுவதற்கு அடுத்தடுத்த மைல்கற்கள் உண்டு.

மூடிய களத்தின் குறை அதன் இயல்பிலேயே இருக்கிறது. எதைச் சோதிக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்ததைத்தான் அங்கே அமைக்க முடியும்.

5. தெருவில் கற்றது

மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலிருந்து கிளைத்த நியூட்டோனமி நிறுவனம் 2016 ஆகஸ்ட் 25 அன்று ஒன்-நார்த்தில் ஓட்டுநரில்லா டாக்சியில் பொதுமக்களை ஏற்றத் தொடங்கியது. பொறியாளர்கள் உடன் அமர்ந்திருந்தார்கள். உலகில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட முதல் முயற்சி என்று அது பேசப்பட்டது. எட்டு வாரத்துக்குள், அக்டோபர் 18 அன்று, பயோபோலிஸ் டிரைவில் தடம் மாறும்போது அந்நிறுவனத்தின் கார் ஒன்று குறைந்த வேகத்தில் லாரியோடு உரசியது. யாருக்கும் காயமில்லை. மென்பொருளில் அரிதாகச் சேர்ந்து நிகழும் பிழைகளே காரணம் என்று நிறுவனம் தெரிவித்தது. சோதனை நிறுத்தப்பட்டு, திருத்தத்துக்குப் பின் தொடர்ந்தது.

சிறு உரசல்தான். ஆனால் ‘அரிதாகச் சேர்ந்து நிகழும்’ என்ற விளக்கத்தில் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. தனித்தனியே சோதித்தால் ஒவ்வொரு பகுதியும் தேறும். குறிப்பிட்ட தெருவில், குறிப்பிட்ட கணத்தில் அவை சேர்ந்து தவறும்.

அதே நிறுவனத்தார் 2019-இல் ஆய்வுலகுக்கு வழங்கிய நியூசீன்ஸ் தரவுத்தொகுப்பு என் கருதுகோளுக்கு இன்னும் நேரான சான்று. இருபது நொடி அளவிலான 1,000 காட்சிகள். ஆறு கேமரா, ஐந்து ரேடார், ஒரு லைடார். காட்சிகள் பாஸ்டனிலும், சிங்கப்பூரின் ஒன்-நார்த், குவீன்ஸ்டவுன், ஹாலந்து வில்லேஜ் பகுதிகளிலும் எடுக்கப்பட்டவை. ஒரு நகரம் வலப்புறம் ஓட்டுவது, மற்றது இடப்புறம் ஓட்டுவது. ஒன்றில் இலையுதிர்காலம் உண்டு, மற்றதில் ஆண்டு முழுக்க மரநிழல். இரண்டையும் வேண்டுமென்றே சேர்த்தவர்கள், ஓரூரில் பழகிய கண் மற்றோர் ஊரில் தடுமாறும் என்பதைத் தொழில்முறையில் அறிந்தவர்கள்.

6. மயக்கம்: இரு அமெரிக்க விபத்துகள்

2018 மார்ச் 18 இரவு, அரிசோனாவின் டெம்பி நகரில், ஊபர் நிறுவனத்தின் சோதனை வண்டி சாலையைக் கடந்துகொண்டிருந்த ஒரு பெண்மணி மீது மோதியதில் அவர் இறந்தார். தானியக்க வாகனம் மோதி இறந்த முதல் பாதசாரி. தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கை 2019 நவம்பரில் முடிவானது. இத்துறையில் ஈடுபடும் எவரும் முழுதும் படிக்க வேண்டிய ஆவணம் அது என்பேன்.

மோதலுக்கு 5.6 நொடி முன்பே உணரிகள் அவரைக் கண்டுவிட்டன. வண்டி மணிக்குச் சுமார் 70 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. ஆகவே நூறு மீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தது. கண்ட பிறகு என்ன ஆயிற்று? அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். அமைப்பு அவரை வாகனம் என்றது, இனம் தெரியாத பொருள் என்றது, சைக்கிள் என்றது, மறுபடி மாற்றிச் சொன்னது. ஒவ்வொரு முறை பெயர் மாறும்போதும் அதுவரை அவர் நகர்ந்து வந்த தடத்தை மறந்துவிட்டுப் புதிதாகக் கணக்கிட்டது. கடவைக்கு வெளியே சாலையில் பாதசாரி நடந்து வருவார் என்ற வாய்ப்பே அதன் வடிவமைப்பில் இல்லை. மோதல் நெருங்கியதும், பொய் எச்சரிக்கைகளைத் தவிர்ப்பதற்காக வைத்திருந்த ஒரு நொடி காத்திருப்பு குறுக்கே வந்தது. வண்டியைத் தயாரித்த வால்வோவின் தானியங்கு பிரேக், ஊபரின் அமைப்பு இயங்கும்போது அணைக்கப்பட்டிருந்தது. உள்ளே இருந்த பாதுகாப்பு ஓட்டுநர் கைப்பேசியில் காணொளி பார்த்துக்கொண்டிருந்தார். முன்பு இரண்டு பேர் இருந்த இடத்தில் ஒருவராகக் குறைத்தது சில மாதங்களுக்கு முன்னர்தான்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடவையில்லாத இடத்தில் சாலையைக் கடப்பவர், நம் ஊரில் எந்தக் கடைத்தெருவில் நின்றாலும் ஐந்து நிமிடத்தில் கண்ணில் படுவார். அவரை அரிய விதிவிலக்காகக் கருதும் வகைப்பாட்டை எழுதியவர்கள், அப்படி ஆட்கள் நடக்காத நிலத்தை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறார்கள். அந்த நிலம் டெம்பிகூட இல்லை என்பதுதான் துயரம்.

இரண்டாவது நிகழ்வு, 2023 அக்டோபர் 2, சான் ஃபிரான்சிஸ்கோ. மனிதர் ஓட்டிய வேறொரு கார் மோதித் தூக்கியெறிந்த பாதசாரி, குரூஸ் நிறுவனத்தின் ஆளில்லா டாக்சியின் முன் வந்து விழுந்தார். டாக்சி மோதி நின்றது. பிறகு, பக்கவாட்டில் இடிபட்டதாக எடுத்துக்கொண்டு, விபத்துக்குப் பின் ஓரங்கட்ட வேண்டும் என்ற விதிப்படி நகர்ந்தது. அடியில் சிக்கியிருந்தவர் சுமார் 6 மீட்டர் இழுத்துச் செல்லப்பட்டார். ஓரங்கட்டுவது நல்ல விதி. மூடிய களத்தில் நூறு முறை தேறியிருக்கும். 22 நாட்களில் கலிஃபோர்னியா மோட்டார் வாகனத் துறை உரிமத்தை நிறுத்தியது. நிறுவனம் தகவலை முழுமையாக வெளியிடவில்லை என்பதும் காரணங்களில் ஒன்று. 2024 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் அந்த டாக்சித் திட்டத்துக்குப் பணம் போடுவதையே கைவிட்டது.

7. பேசும் தெரு

இணைப்பைப் பற்றிய பகுதியைச் சுருக்கமாகவே முடிக்கிறேன். இதில் வாக்குறுதி அதிகம், விளைவு குறைவு. வாகனங்கள் தம் இருப்பிடம், வேகம், திசை, பிரேக் நிலை ஆகியவற்றை நொடிக்குப் பத்து முறை ஒலிபரப்ப வேண்டும் என்பது அடிப்படை. இதற்காக அமெரிக்கா 1999-இல் 5.9 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 75 மெகாஹெர்ட்ஸை ஒதுக்கியது. 2012-இல் ஆன் ஆர்பரில் ஏறக்குறைய 3,000 வாகனங்களைக் கொண்டு பெரிய சோதனையும் நடந்தது. தொழில்நுட்பம் வேலை செய்தது, கருவி பொருத்திய வண்டிகள் வாங்கப்படவில்லை. 2020 நவம்பரில் அந்தப் பட்டையில் 45 மெகாஹெர்ட்ஸை வைஃபைக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள்.

காரணம் எளிய பெருக்கலில் இருக்கிறது. இரு வாகனங்களிலும் கருவி இருந்தால்தான் பேச்சு நடக்கும். பத்தில் ஒரு வண்டியில் கருவி இருந்தால், எதிர்ப்படும் நூறு இணைகளில் ஒன்றில்தான் இருபுறமும் கருவி இருக்கும். முதலில் வாங்குபவருக்கு ஏறக்குறைய எந்தப் பயனும் இல்லை. கருவியைப் போக்குவரத்து விளக்கில் பொருத்தினால் கணக்கு மாறுகிறது: ஒரு விளக்கு, கருவியுள்ள எல்லா வண்டிகளோடும் பேசும். ஆகவே இணைப்பைப் பொறுத்தவரை முதலடி எடுக்க வேண்டியது நகர நிர்வாகம்.

சிங்கப்பூரில் இதற்கு நிலம் பண்பட்டிருக்கிறது. 1998 முதலே ஒவ்வொரு காரும் மின்னியல் சாலைக் கட்டண வளைவுகளோடு வானலையில் பேசி வந்திருக்கிறது. 2023 இறுதி முதல் செயற்கைக்கோள் வழி இருப்பிடம் அறியும் புதிய கருவி பொருத்தப்பட்டு வருகிறது. காசு வசூலிக்கப் போட்ட கம்பி, எச்சரிக்கை சொல்லவும் பயன்படலாம். ஆனால் அங்கே சோதிக்கப்பட்ட பெரும்பாலான தானியக்க வண்டிகள் தம் சொந்தக் கண்களையே நம்பி வந்தன. என் பார்வையில் அது சரி. விளக்கிலிருந்து வரும் செய்தி நின்றுபோனால் நின்றுபோகும் வண்டியை, மின்வெட்டு நாளில் யார் இழுத்துச் செல்வது?

8. சட்டம்

2017-இல் சிங்கப்பூர் தன் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தைத் திருத்தி, வாகனத்துக்கு மனித ஓட்டுநர் இருந்தே ஆக வேண்டும் என்ற அடிப்படையை விலக்கியது. ஐந்தாண்டுக்குத் தற்காலிக விதிகளை வகுத்து, அனுபவப்படி மாற்றிக்கொள்ளும் அதிகாரத்தைப் போக்குவரத்து அமைச்சருக்கு அளித்தது. சோதனை நடத்துபவர் காப்பீடு எடுக்க வேண்டும் அல்லது பிணைத்தொகை கட்ட வேண்டும். வண்டியில் தரவுப் பதிவுக்கருவி இருக்க வேண்டும். 2019 ஜனவரியில் டிஆர் 68 என்ற தொழில்நுட்பக் குறிப்பு வந்தது. அதன் நான்கு பகுதிகள் சாலை நடத்தை, பாதுகாப்பு, இணையப் பாதுகாப்பு, தரவு வடிவம் ஆகியவை. சாலை நடத்தைப் பகுதி உள்ளூர்ச் சாலை விதிகளை இயந்திரத்துக்குப் புரியும் அளவுக்கு உடைத்துச் சொல்ல முயல்கிறது. மனிதர் ‘பார்த்து நடந்துகொள்’ என்று விட்டுவிடுவதை எழுத்தில் வடிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு அந்த ஆவணமே சாட்சி.

தரவுப் பதிவை வலியுறுத்தியது நல்ல முடிவு. டெம்பி விபத்தில் 5.6 என்ற எண் நமக்குத் தெரிவது, வண்டி அதைப் பதிந்து வைத்திருந்ததால்தான்.

9. பொங்கோல்

2025-இல் நிலப் போக்குவரத்து ஆணையம் வடகிழக்கிலுள்ள பொங்கோல் குடியிருப்பு நகரில் தானியக்கச் சிற்றுந்துச் சேவைக்குக் கிராப், கம்ஃபர்ட்டெல்குரோ ஆகிய நிறுவனங்களைத் தேர்ந்தது. கிராப்போடு வீரைடு நிறுவனமும் மற்றதோடு போனி.ஏஐ நிறுவனமும் சேர்ந்தன; இரண்டும் சீன நகரங்களில் நெடுங்காலம் ஓட்டிப் பழகியவை. அங்கே பெற்ற அனுபவம் பொங்கோலில் நேரே செல்லுபடியாகும் என்று ஆணையம் எடுத்துக்கொள்ளவில்லை. சாலையின் வலப்புறம் ஓட்டப் பழகிய மென்பொருள் இங்கே இடப்புறம் ஓட்ட வேண்டும். முதற்கட்டத்தில் பாதுகாப்பு ஓட்டுநரோடு, பயணிகள் இல்லாமல் ஓட்டித் தெருக்களைப் பழக வேண்டும் என்று ஏற்பாடு. பயணிகளை ஏற்றுவது அதற்குப் பிறகே.

தீவின் மேற்கே 1,000 கிலோமீட்டருக்கு மேல் திறந்து ஆறாண்டு கடந்த பின்னும், கிழக்கே வந்தபோது வண்டி மறுபடி காலியாகத்தான் தொடங்கியது. அந்த முதற்கட்டத்தில், காலையில் பேருந்து நிறுத்தத்தில் நின்ற பொங்கோல்வாசி, இருக்கைகள் வெறுமையாக, ஓட்டுநர் இருக்கையில் கை வைக்காத ஒருவரோடு தன் எதிரே மெல்லப் போய்த் திரும்பிய அந்தச் சிற்றுந்தைப் பார்த்தார். அது கற்றுக்கொண்டிருந்த கருப்பொருள்களில் அவரும் ஒருவர்.